கருவியா, ஆளா, பாகமா?

ஓசூர் சிப்காட்டில் கருப்பசாமி வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வருடாந்திர உடல் பரிசோதனை என்றால் பாதித் திருவிழா மாதிரி இருக்கும். பயிற்சி அறையின் மேசைகளை ஓரங்கட்டிவிடுவார்கள். எக்ஸ்ரே வண்டி வாசலில் நிற்கும். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க, பழைய டெலிபோன் பூத் போல ஒரு பெட்டி உள்ளே வரும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு இட்லி உண்டு. ஷிப்டில் பாதி நேரம் இதிலேயே ஓடிவிடும் என்பதால் ஊசிக்குப் பயந்தவர்கள்கூட முகமலர்ச்சியோடு வரிசையில் நிற்பார்கள்.

கருப்பசாமியும் அப்படித்தான் நின்றார். வயது நாற்பத்தொன்பது. சாத்தூர்க்காரர். டிப்ளமா முடித்த கையோடு ஓசூருக்கு வேலைக்கு வந்து, வீடு கட்டி, இங்கேயே ஊன்றிப்போனவர். அவர் முறை வந்ததும் நர்ஸ் அவர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். எண்ணைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் அடித்தாள்.

“சார், பி.பி. மாத்திரை எதுனா எடுத்துக்கறீங்களா?”

“இல்லம்மா. எனக்குத்தான் பி.பி. கிடையாதே.”

“நூத்தி அம்பத்தெட்டு காட்டுது. எதுனா டென்சனா?”

“இட்லி தீந்துருமோன்னு ஒரு டென்சன் இருக்கு.”

நர்ஸ் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த டாக்டர் அனிதாவிடம் அனுப்பினாள். டாக்டர் நிதானமானவர். “ஒரு தடவை பார்த்துட்டு மாத்திரை எழுதமாட்டேன் சார். ஒரு மெஷின் வாங்கிக்குங்க. ஒரு மாசம் காலையிலயும் சாயங்காலமும் வீட்டுலயே எடுத்துப் பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்” என்றார்.

ஆரம்பிச்சிடலாம் என்ற சொல் கருப்பசாமியோடு இட்லி வரிசைவரை வந்தது. இட்லி இறங்கவில்லை.

அண்ணன் வெள்ளைச்சாமிக்கும் இதே வயதில், இதே மாதிரி ஒரு முகாமில்தான் ஆரம்பித்தது. சாத்தூரில் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர். கொடுத்த மாத்திரையை, “நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கெதுக்கு இது” என்று பாதியில் நிறுத்தினார். ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இடது கையும் இடது காலும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அண்ணன் போன வழியில்தான் நானும் போகிறேனா? கருப்பசாமிக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அன்று மாலையே மருந்துக்கடையில் மெஷின் வாங்கினார். வாங்கியதும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. மனைவி ராசாத்தியை உட்காரவைத்து விளக்கினார்.

“பட்டை காத்து ஏறி கைய இறுக்குதுல்ல, அப்ப உள்ள ரத்தக் குழாய் நசுங்கி ஓட்டமே நின்னுரும். பெறகு காத்து மெல்ல எறங்கும். ரத்தம் முட்டி மோதி மொத மொதல்ல நுழையுற நேரத்துல பட்டையில ஒரு துடிப்பு விழும். அந்த நேரத்துக் காத்தழுத்தம்தான் மேல் எண்ணு. பெறகு குழாய் முழுசாத் தெறந்து துடிப்பு அடங்குச்சுன்னா கீழ் எண்ணு. நம்ம கையே ஒரு வால்வு மாதிரி. வெளிய இருந்து மூடித் தெறந்து பாக்கான்.”

“மூடிட்டுத் தொறக்காமப் போயிட்டா?” என்றாள் ராசாத்தி.

“அதுக்குத்தான் பொத்தான் இருக்கு.”

ராசாத்தி ரோஜா பேக்கிங் ஷெட்டில் சூப்பர்வைசர். மகள் ஜெயப்ரியா கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வீட்டில் அளக்கவும் அளக்கப்படவும் இந்த இரண்டு பேர்தான். காலையில் அவர் கேழ்வரகுக் கஞ்சிக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது ராசாத்தி எடுப்பாள். மாலையில் அவர் மரவேலைக் கொட்டகைக்குப் போய்த் தானே எடுத்துக்கொள்வார். ஆளுக்கு ஒரு வேளை என்று பேசி முடிவானது.

சாப்பாட்டு மேசை அவரே செய்தது. நல்ல மேசை, ஆனால் ஹாலுக்கு ஒரு சாண் பெரிதாகிவிட்டதால் சுவரை ஒட்டித்தான் போட முடிந்தது. அவருடைய நாற்காலி அந்தச் சுவர் மூலையில். கொட்டகை மொட்டைமாடியில் தகரம் வேய்ந்தது. மரம் அவருக்கு மலிவாகக் கிடைத்தது. சிப்காட்டுக்கு வரும் வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிக்குள்தான் வரும். இயந்திரம் உள்ளே போய்விடும், பெட்டி பழைய மரக்கடைக்குப் போகும். அங்கிருந்து ஆணி பிடுங்கிய பலகைகளாகக் கருப்பசாமியின் மாடிக்கு ஏறும். சில பலகைகளில் குடைப் படமும் உடையும் கண்ணாடிக் கோப்பைப் படமும் இன்னும் அழியாமல் இருக்கும்.

இப்போது அண்ணனுக்காக ஒரு நாற்காலி செய்துகொண்டிருந்தார். சாதாரண நாற்காலியிலிருந்து எழுவது வெள்ளைச்சாமிக்குப் பெரும்பாடு. நாம் எழும்போது முதலில் உடம்பை முன்னால் கொண்டுவந்து, எடையைப் பாதத்துக்கு மாற்றி, பிறகுதான் முழங்காலை நிமிர்த்துகிறோம். ஒரு கை, ஒரு கால் மட்டும் உதவுகிறவருக்கு இருக்கை கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், கைப்பிடி இருக்கையின் விளிம்பைத் தாண்டி முன்னால் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஊன்றித் தள்ள முடியும். இதையெல்லாம் யோசித்து, ராசாத்தியைப் பலமுறை உட்காரவும் எழவும் வைத்து அளவெடுத்திருந்தார்.

ஆனால் நாற்காலியும் அவரைப் படுத்தியது. பலகையை இடது கையால் தடுப்புக் கட்டையோடு அழுத்திப் பிடித்து, வலது கையால் ரம்பம் இழுக்கிறார். முதல் இரண்டு சட்டங்கள் நூல் பிடித்தாற்போல வருகின்றன. அடுத்தடுத்து அறுக்க அறுக்க வெட்டு கோணிக்கொள்கிறது. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. ரம்பம் மொண்ணை என்று புதியது வாங்கினார். தடுப்புக் கட்டை சரியில்லை என்று மாற்றினார். பெட்டி மரம் ஈரம் குடித்தது என்று திட்டினார். நடுநடுவே இடது கை கனத்துப்போக, உதறிவிட்டுக்கொண்டு வயசு என்று சொல்லிக்கொண்டார்.

முதல் வாரத்து அளவுகளை ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் தச்சுப் பென்சிலால் எழுதிவந்தார். காலையில் நூற்று ஐம்பதுக்கு மேல். மாலையில் நூற்று இருபது, நூற்று இருபத்தைந்து. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

காலையில் ஏறி மாலையில் இறங்குகிறதோ? வேளையை மாற்றிப் பார்த்தார்கள். காலையில் மாடியில் அவரே எடுத்தார், நூற்று இருபத்தொன்று. மாலையில் மேசையில் ராசாத்தி எடுத்தாள், நூற்று ஐம்பத்தாறு.

“இதென்ன கூத்து?” என்றாள் ராசாத்தி. “நீங்க எடுத்தா எறங்குது, நான் எடுத்தா ஏறுதே?”

கருப்பசாமி ஒட்டுப்பலகையில் இரண்டையும் எழுதினார். அவருக்கு இது பழக்கப்பட்ட நிலைமைதான். தொழிற்சாலையில் அவர் கேஜ் ரூம் பொறுப்பாளர். அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதுதான் அந்த அறையின் வேலை. ஒரே ஷாஃப்டை, அதாவது இயந்திரத் தண்டை, காலை ஷிப்ட் அளந்து சரி என்று சொல்லும், மாலை ஷிப்ட் அளந்து தப்பு என்று சொல்லும். இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டு கேஜ் ரூமுக்கு வரும். அவர் எல்லோருக்கும் ஒரே வரிசையைத்தான் சொல்வார். முதலில் கருவியைச் சந்தேகப்படு. கருவி சரியென்றால் அளந்த ஆளைச் சந்தேகப்படு. ஆளும் சரியென்றால் கடைசியாக அளக்கப்பட்ட பாகத்தைப் பார். பாகத்துக்கு வாய் கிடையாது, அதனால் பழியைத் தூக்கி அதன்மேல் போடுவது எல்லோருக்கும் சுலபம்.

அதன்படி மறுநாள் மெஷினைப் பைக்குள் வைத்துக் கேஜ் ரூமுக்குக் கொண்டுபோனார்.

அங்கே அவரோடு இருப்பவர் கிருஷ்ணப்பன். உத்தனப்பள்ளியில் தோட்டம், அதில் தக்காளியும் தகராறும் விளைகின்றன என்பார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் அவர் வாயில் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும்.

“ஏனு சமாச்சாரா சாமி, என்னா விசயம்? டிபன் பாக்ஸ் புதுசா?”

“பி.பி. மெஷின்யா. இதை மாஸ்டர் கேஜோட சேத்துப் பாக்கணும்.”

கிருஷ்ணப்பனுக்கு இந்த மாதிரி வேலை என்றால் டீகூட வேண்டாம். பட்டையை ஒரு குழாய்த் துண்டின் மேல் சுற்றினார். காற்றுக்குழாயின் நடுவே மூன்று வாய் இணைப்பைப் போட்டு, ஒரு வாயை மெஷினுக்கும் ஒரு வாயை, மற்றக் கேஜ்களைச் சரிபார்க்க வைத்திருக்கும் மாஸ்டர் கேஜுக்கும் கொடுத்தார். காற்று ஏற ஏற மெஷின் திரையில் ஓடிய எண்ணும் கேஜ் முள் காட்டிய அழுத்தமும் கடைசிவரை கைகோத்துப் போயின.

“மெஷின் பத்தரமாத்துத் தங்கம்” என்றார் கிருஷ்ணப்பன். “அப்புறம் என்னா? ஆளு. யார் யாரு எடுக்கறது?”

“நானும் வீட்லயும்.”

“மூணாவது ஆளு நானு. கைய குடு.”

கருப்பசாமி டீயைக் கீழே வைக்காமலே மற்றக் கையை நீட்டினார். நூற்று இருபத்து மூன்று வந்தது. கிருஷ்ணப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நீ எடுத்தா கம்மி, நான் எடுத்தா கம்மி. உங்க வீட்டம்மா கை வெச்சா மட்டும் ஏறுது. கேம்ப்ல எடுத்தது யாரு? நர்ஸம்மா. அதும் ஏறிடுச்சு. சாமி, உனக்கு பி.பி. இல்லப்பா. பொம்பளைங்களப் பாத்தா பயம்!”

சிரிப்பு என்றாலும் கருப்பசாமிக்கு அது பிடித்திருந்தது. பதற்றத்தில் சிலருக்கு எண் ஏறும் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். அப்படியென்றால் மாத்திரை வேண்டாம், அண்ணனின் வழி அவருடைய வழி இல்லை. வழக்கம்போல் வாசல் கடையில் இரண்டாவது சிகரெட்டை நிம்மதியாகப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிடும்போது, மனசு லேசாக இருந்த துணிச்சலில், கண்டுபிடிப்பை அப்படியே ராசாத்தியிடம் சொல்லியும் விட்டார்.

ராசாத்தி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள்.

“அப்ப உங்களுக்கு நோயே நாந்தான்.”

“அப்படிச் சொல்லல. அளக்குற ஆளால வர்ற வித்தியாசம்னு...”

“நான் ஒருநாள் சத்தம் போட்டிருப்பனா? பட்டையச் சுத்துறேன், பொத்தான அமுக்குறேன். அதுல உங்களுக்கு முப்பது ஏறுதாம். இருபத்திரண்டு வருசமா எப்படித்தான் குப்ப கொட்டுனீங்களோ!”

“ராசாத்தி, இது குத்தம் இல்ல. மெஷின் ஷாப்லகூட ஒருத்தர் மைக்ரோமீட்டர இறுக்கித் திருகுவாரு, ஒருத்தர் லேசா...”

“நான் ஒண்ணும் மைக்ரோமீட்டர் இல்ல. நாளையில இருந்து நீங்களே எடுத்துக்கோங்க.”

அதன்பின் அவரே எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் நூற்று இருபதுகள். ஒட்டுப்பலகை அழகான எண்களால் நிரம்பியது. ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. கஞ்சி வரும், பேச்சு வராது. ராசாத்தி எதிரில் வந்தாலே தன் நெஞ்சு படபடக்கிறதா என்று கருப்பசாமி கவனிக்க ஆரம்பித்தார். கவனித்தால் படபடக்கத்தான் செய்தது. அது பி.பி.யா, கோபத்தில் இருக்கும் மனைவியைப் பார்த்த சாதாரணப் பயமா என்று பிரிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு போன் செய்தார். வெள்ளைச்சாமியின் பேச்சு இப்போது கொஞ்சம் குழறும், ஆனால் கேலி குறையவில்லை.

“நாற்காலி வருதா, இல்ல நான் நின்னுக்கிட்டே இருக்கவா?”

“வரும்ணே. வெட்டு கோணுது. அத விடு. அண்ணே, உனக்கு அப்ப பி.பி. பாத்தாங்கள்ல, எல்லாரு பாத்தாலும் ஒரே மாதிரியா காட்டுச்சு?”

“எவன் பாத்தான்? ஒருத்தன் பாத்து இருக்குன்னான். இன்னொருத்தன் பாத்து இப்ப பரவால்லன்னான். எனக்குப் பிடிச்சத நான் எடுத்துக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “அதான்டா தம்பி, பிடிச்சத எடுத்துக்கிட்டேன்.”

போனை வைத்தபிறகு அந்தக் கடைசி வரி கருப்பசாமியை விடவில்லை. தானும் பிடித்த எண்ணைத்தானே எடுத்துக்கொண்டிருக்கிறோம்? ஆளால் வருகிற வித்தியாசம் என்று தீர்ப்புச் சொன்னாயே, அதைச் சோதித்தாயா? கேஜ் ரூமில் ஒரு புதுப் பையன் இப்படி முடிவெடுத்து வந்திருந்தால் அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். ராசாத்தி எடுத்தது எப்போதும் மேசையில், அவர் எடுத்தது எப்போதும் கொட்டகையில். ஆளும் மாறுகிறது, இடமும் மாறுகிறது. இரண்டு ஒன்றாக மாறினால் எதன் வேலை என்று எப்படிச் சொல்வது? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

டாக்டரை மறுபடி பார்க்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. ஞாயிறு காலையில் ராசாத்தியிடம் போய் நின்றார்.

“ஒரு உதவி. மாடிக்கு வா. நீ எடுத்துப் பாக்கணும்.”

“எதுக்கு, உங்களக் கொல்லவா?”

“உம்மேல நான் பழி போட்டுட்டேன். அது சரியா தப்பான்னு பாக்கணும்ல.”

பழி என்ற சொல் வேலை செய்தது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி வந்தாள். கருப்பசாமி வழக்கமான முக்காலியில், வழக்கமான மாதிரியே உட்கார்ந்து, வழக்கமாகப் பட்டையைச் சுற்றும் கையை நீட்டினார். ராசாத்தி சுற்றிப் பொத்தானை அமுக்கினாள். மெஷின் உறுமி அடங்கியது.

நூற்று இருபத்து நான்கு.

“பாத்தீங்களா!” அவள் சத்தத்தில் தகரக் கூரையில் இருந்த புறா பறந்தது. “எங்கையில எறங்குச்சு! போய்ச் சொல்லுங்க உங்க கிருஷ்ணப்பன்ட்ட!”

கருப்பசாமிக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஆள் இல்லை. அப்படியென்றால் இடம். மேசைக்கும் கொட்டகைக்கும் என்ன வித்தியாசம்? நாற்காலி உயரமா, மேசையில் கை இருக்கும் மட்டமா? கை நெஞ்சுக்குக் கீழே தொங்கினால் எண் கூடும் என்று மெஷினோடு வந்த தாளில் படித்திருந்தார். கீழே போய் மேசையில், சுவர் மூலையில், தன் நாற்காலியில் உட்கார்ந்து தானே எடுத்தார்.

நூற்று இருபத்திரண்டு.

“இடமும் இல்ல” என்றார்.

“அப்ப?”

“தெரியல. நீ எடு இப்ப.”

ராசாத்தி பக்கத்தில் வந்து நின்று, எப்போதும் போலச் சுற்றி, எப்போதும் போல அமுக்கினாள். அதே நாற்காலி, அதே மேசை. நூற்று ஐம்பத்தேழு.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசாத்தியின் முகத்தில் மாடியில் வந்த வெற்றி கரைந்துபோனது. கருப்பசாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவள் எடுத்தால் மாடியில் குறைவு, கீழே அதிகம். அவர் எடுத்தால் இரண்டு இடத்திலும் குறைவு. கருவி இல்லை, ஆள் இல்லை, இடம் இல்லை. அவளும் மேசையும் சேர்ந்தால் மட்டும் ஏறுமா? அவளும் மேசையும் சேர்ந்து அவருக்கு என்ன செய்துவிட முடியும், சாப்பாடு போடுவதைத் தவிர? இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வித்தியாசம் அவர் கேஜ் ரூமுக்கு வந்ததில்லை.

“ஏங்க,” என்றாள் ராசாத்தி. “நீங்களா எடுத்தப்ப எதுக்கு அப்படி நெளிஞ்சீங்க? முழங்கை சுவத்துல இடிச்சுக்கிட்டு.”

“எடம் பத்தல.”

“பத்தாத பக்கம் எதுக்கு மாட்டுனீங்க? இந்தப் பக்கம் எம்புட்டு எடம் கெடக்கு.”

“வலது கையாலதான சுத்த முடியும்? அப்ப இடது கையிலதான...”

வாக்கியம் பாதியில் நின்றது.

சுவர் அவருக்கு இடது பக்கம். ராசாத்தி நிற்கக்கூடிய ஒரே இடம் அவருடைய வலது பக்கம். அவள் எடுத்ததெல்லாம் வலது கை. அவர் எடுத்ததெல்லாம் இடது கை. கேஜ் ரூமில் வலது கையில் டீ இருந்தது. மாடியில் அவரே பழக்கத்தில் இடது கையை நீட்டினார். முகாமில் நர்ஸின் மேசை வலது பக்கம் இருந்தது.

ஒட்டுப்பலகையை எடுத்துவந்து பார்த்தார். வேளை இருந்தது, எண் இருந்தது. எந்தக் கை என்று ஓரிடத்திலும் இல்லை. ஒரு ஷாஃப்டை அளந்தால் எந்த முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அளந்தாய் என்று எழுதாத அறிக்கையை அவர் வாங்கவே மாட்டார். அளவு என்றால் முதல் கேள்வியே எங்கே என்பதுதான். தன் உடம்பு என்றதும், அது எங்கே அளந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்.

வலதில் எடுத்தார்கள், இடதில் எடுத்தார்கள், மறுபடி மாற்றி எடுத்தார்கள். நூற்று ஐம்பதுகள் வலதில், நூற்று இருபதுகள் இடதில். அசையவில்லை.

“ஒரே ஆளுக்கு எப்படிங்க ரெண்டு?” ராசாத்தி அவருடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். “இந்தக் கையில நல்லா முட்டுது. இங்கன தேட வேண்டியிருக்கு. இருக்கு, ஆனா மெல்லிசா இருக்கு.”

மெல்லிசாக இருந்தது இடது கை. ரம்பத்தோடு பலகையைப் பிடிக்கும்போது கனத்துப்போகிற கை. கருப்பசாமிக்கு மாடியில் கிடந்த கோணல் சட்டங்கள் நினைவுக்கு வந்தன. ரம்பத்தை மாற்றினார், தடுப்பை மாற்றினார், மரத்தைத் திட்டினார். பிடித்திருந்த கை தளர்ந்து பலகை நழுவியதை மட்டும் பார்க்கவில்லை. கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் மிச்சம் பாகம். பாகம் அவர்தான்.

“ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நூத்தி நாப்பதுக்குள்ளதான் வரும்” என்றார் பலவீனமாக.

“ஒரு கால் எட்டு, ஒரு கால் ஆறுன்னா ஏழாம் நம்பர் செருப்பு வாங்கிப் போடுவீங்களா?”

அவர் சிரிக்க முயன்றார். ஒட்டுப்பலகையில் இருந்த நல்ல எண்கள் எல்லாம் கண் முன்னால் இருந்தன. அவற்றை மட்டும் காட்டினால் போதும், மாத்திரை கிடையாது. ராசாத்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு டாக்டர்ட்ட எந்தக் கைய நீட்டப் போறீங்க?” என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

“பிடிச்சத எடுத்துக்கிட்டேன்னு அண்ணன் சொல்லிச்சு” என்றார் கருப்பசாமி. “ரெண்டையும் நீட்டுறேன்.”

திங்கட்கிழமை டாக்டர் அனிதா இரண்டு கையையும் தானே அளந்தார். இடது தோள்பட்டைக்கு மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். சிகரெட் உண்டா என்று கேட்டார், உண்டு என்றதும் முகத்தைச் சுளிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்கேனுக்கு அனுப்பினார். படம் வந்த அன்று ராசாத்தியும் கூடப் போனாள்.

“இதயத்துல இருந்து வர்ற பெரிய குழாய்ல, இடது கைக்குப் பிரியற இடத்துல கொழுப்பு படிஞ்சு சுருங்கியிருக்கு. அதைத் தாண்டிப் போற ரத்தத்துக்கு அழுத்தம் குறைவு. அதனாலதான் கை சீக்கிரம் களைச்சுப்போகுது” என்று படத்தில் காட்டினார் டாக்டர்.

கருப்பசாமி படத்தின் மேல் குனிந்தார். பயத்துக்கு நடுவிலும் அவருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் தோன்றியது. “ஷாப்ல காத்து லைன் மாதிரி மேடம். நடுவுல ஒரு வால்வு பாதி மூடியிருந்தா அதுக்கு அப்புறம் இருக்கற கேஜ் கம்மியாத்தான் காட்டும். அதுக்காக கம்ப்ரஸர்ல அழுத்தம் கம்மின்னு அர்த்தம் இல்ல.”

“அதேதான் சார்.”

“அப்ப கம்ப்ரஸர் அழுத்தம்...”

“வலது கை காட்டறதுதான்.”

கருப்பசாமி படத்திலிருந்து நிமிர்ந்தார். இடது கை அவருக்குச் சொன்ன ஆறுதல் எல்லாம் பொய். அது நலமாக இருந்ததால் குறைவாகக் காட்டவில்லை, அடைபட்டதால் குறைவாகக் காட்டியது. அவர் கொண்டாடிய எண்ணே நோயின் அடையாளம். ஆனால் கை களைத்திராவிட்டால், எண் மாறியிராவிட்டால், இது தெரிந்தே இருக்காது. அப்படியானால் இடது கை அவரை ஏமாற்றியதா, காட்டிக்கொடுத்ததா? அவருக்கு விளங்கவில்லை.

“அண்ணனுக்கு வந்த மாதிரி வருமா மேடம்?” ராசாத்திதான் கேட்டாள்.

“வராம இருக்கத்தான் இந்த மாத்திரையெல்லாம். இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்ல. சிகரெட் இன்னையோட போகணும். மாத்திரைய நடுவுல நிறுத்தக் கூடாது. இனிமே எப்பவும் வலது கையிலயே பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும் கருப்பசாமி மாடிக்கு ஏறினார். தச்சு வேலையில் ஒரு பலகையை எடுத்தால் முதலில் ஒரு முகத்தை நேராக இழைத்து, அதில் பென்சிலால் ஒரு சுழி போடுவார்கள். அதன் பிறகு எல்லா அளவும் அந்த முகத்திலிருந்துதான். அந்தக் குறி இல்லாமல் அளந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு கதை சொல்லும். அவர் வலது முழங்கைக்கு மேலே தச்சுப் பென்சிலால் அந்தச் சுழியைப் போடப் பார்த்தார். இடது கைக்கு எழுத்து வரவில்லை, கோணிக்கொண்டு போனது. பின்னாலேயே வந்த ராசாத்தி பென்சிலை வாங்கித் தானே போட்டுவிட்டாள்.

“குளிச்சா அழிஞ்சிருமே.”

“தெனம் போடலாம். எனக்கென்ன வேலை.”

பலகையை இனிமேல் கையால் பிடிப்பதில்லை என்று முடிவு செய்து, அதை மேசையோடு இறுக்கும் பிடிப்பான் ஒன்றை மாட்டினார். ஒரு சட்டத்தை அறுத்து மூலைமட்டம் வைத்தார். வெளிச்சம் தெரியவில்லை. அதை ராசாத்தியிடம் நீட்டிக் காட்டினார். அவளுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் பார்த்தாள். பிறகு தண்ணீர்ச் செம்பையும் மாத்திரை அட்டையையும் எடுத்துவந்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள்.

கருப்பசாமி இடது கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். அதையும் பாதியில் நிறுத்தி, இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத எந்தக் கையில வாங்கணும்?”

ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “வாயத் தொறங்க” என்றாள்.